மரணப் பதிவின் திரைப்பதிவு

தன் மகன் செத்துப்போனான் என்பதைத் தான் நம்புவதற்குச் செபநாயகம் பட்ட பாடு ஒன்று. அதை அரசாங்கம் நம்புவதற்கு அவர் பட்ட பாடு அதைவிடப் பெரிது. முதலாவதற்குக் கடவுள் துணைநின்றார் என்று குருநகரில் சொல்லுவார்கள். இரண்டாவதில் கடவுளாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவரிடமும் திரைப்பதிவு இருக்கவில்லை.

செபநாயகம் ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்பவர். காலையும் பின்னேரமும் பாட்டைப் போட்டுக்கொண்டு குருநகர் ஒழுங்கைகளிலும் பாஷையூர்ப் பக்கமும் போய்வருவார். ஒரே மகன் றொகான் பிரான்சில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, சமையலுக்கு உயர்ந்து, இந்த வருடத் தவக்காலத்தில் வேலைக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் இருந்தான். பிறகு எழும்பவில்லை. உடலைக் கொண்டுவர முடியவில்லை. அது வேறு கதை, அதற்கு வேறு ஓர் அலுவலகம் இருந்தது. கூட்டாளிமார் அங்கேயே நல்லபடியாக அடக்கம் செய்தார்கள். செபநாயகமும் மனைவி லூர்த்தம்மாவும் ஜெயசுதனுடைய கொமினிக்கேசன் கடையில், பாதிக் கதவைச் சாத்திவிட்டு, அங்கிருந்த கொம்பியூட்டரில் அடக்கத்தைப் பார்த்தார்கள். பெட்டியைத் தொடமுடியாமல் லூர்த்தம்மா திரையைத் தொட்டாள்.

அதன்பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சேமக்காலையில் தன் தாய் தகப்பனுடைய கல்லறைக்குப் பக்கத்தில் மகனுடைய பெயரில் ஒரு சிலுவை. அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

“கார்த்திகையிலை ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரியோடை போகும். நான் என்ரை திரியை எங்கை கொண்டுபோய்க் கொழுத்துறது? ஜெயசுதன்ரை கொம்பியூட்டருக்கு முன்னாலையோ?” என்று கேட்டாள்.

சேமக்காலையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மாட்டோம் என்று சொல்லவில்லை. இங்கே பதிந்த மரணச் சான்றிதழ் ஒன்று வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். செபநாயகத்திடம் பிரான்ஸ் சான்றிதழ் இருந்தது. தடித்த கடதாசி, முத்திரை, பக்கத்தில் ஒழுங்கான மொழிபெயர்ப்பு. அரைநாளில் முடிகிற அலுவல் என்று நினைத்துக்கொண்டு, பாண் ஓட்டோவை மதில் நிழலில் விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் புதிதாகத் திறந்திருந்த ‘வெளிநாட்டு நிகழ்வுகள் திரைச்சான்றுப் பிரிவு’க்குப் படியேறினார்.

அந்தப் பிரிவு அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது. நாடா வெட்டியதையும் குத்துவிளக்கு ஏற்றியதையும் கொழும்பிலிருந்து திரையில் பார்த்து, அந்தத் திரையைப் பதிவும் செய்திருந்தார்கள். அந்தப் பதிவு முன்மண்டபத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எப்போது போனாலும் அந்த அலுவலகம் திறந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும். சுவரில் பெரிய எழுத்தில் ‘திரையில் தெரிவதே உண்மை’ என்று எழுதியிருந்தது. அதற்கு எதிரே ஒரு மாதாவின் படமும் பிள்ளையார் படமும் இருந்தன. இரண்டும் கடதாசியில்தான் இருந்தன, அதை யாரும் கவனிக்கவில்லை.

உதவிப் பணிப்பாளர் அன்புராஜா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தார். செபநாயகம் கதவைத் தள்ளிக்கொண்டு போய் “வணக்கம் சேர்” என்றார். அன்புராஜா நிமிர்ந்தும் பார்க்காமல் வெளியே கையைக் காட்டினார். பதைத்துப்போய் ஓடிவந்தவள் தர்ஷிகா என்ற எழுதுவினைஞர்.

“ஐயா, சேரோடை நேரை கதைக்கேலாது. நேரை கதைச்சால் அது பதிவிலை ஏறாது. இதிலை, இந்தக் கொம்பியூட்டருக்கு முன்னாலை இருங்கோ. சேர் இதுக்குள்ளை வருவார்.”

சேர் அதற்குள் வந்தார். ஆனால் நடுவில் இருந்தது பலகைச் சுவர். அன்புராஜாவின் குரல் முதலில் சுவர்வழியாக வந்தது. கொஞ்சம் பொறுத்து அதே குரல் கொம்பியூட்டரிலிருந்தும் வந்தது. செபநாயகம் மரியாதை தெரிந்தவர், முதலில் வந்த குரலுக்கே பதில் சொன்னார்.

“நான் கேட்க முதல் நீங்கள் பதில் சொல்லுறியள்,” என்றார் அன்புராஜா, இரண்டு தடவை. “பதிவிலை பார்க்கேக்கை இது முன்கூட்டியே பாடமாக்கின பதில் மாதிரித் தெரியும். திரையிலை வரும் மட்டும் பொறுங்கோ ஐயா.”

ஆகவே செபநாயகம் சுவர் சொல்வது காதில் விழாததுபோல இருக்கப் பழகினார். மகன் செத்த வீட்டில் ஒருவருக்கு இதையெல்லாம் பழகவேண்டி வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

பிரான்ஸ் கடதாசியைக் கமெராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். அன்புராஜா அதைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார்.

“கடதாசி என்னத்தைச் சொல்லும் ஐயா? கடதாசியிலை ஆரும் ஆரையும் சாகடிக்கலாம். அந்தக் காலம் முடிஞ்சுது. சுற்றறிக்கையை வாசிக்கிறன், கேளுங்கோ.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: “வெளிநாட்டு மரணங்கள் தொடர்பில், மரணப் பதிவு திரையில் பார்வையிடப்பட்டு, பதிவு செய்யப்பட்ட பின்னரே பதிவு செய்யப்படுதல் வேண்டும்.”

செபநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அதென்ன சேர் கருத்து?”

“கருத்து அதுக்குள்ளையே இருக்கு. நீங்கள் மரணப் பதிவைக் கொண்டுவரவேணும். மரணம் பதிவான வீடியோ. அதை நாங்கள் திரையிலை பார்ப்பம். பார்க்கிறதைப் பதிவு செய்வம். பிறகு பதிவம்.”

தர்ஷிகா மெல்ல வாயைத் திறந்தாள். “சேர், மரணப் பதிவு எண்டால் அந்த நாட்டு மரணப் பதிவேட்டையும் சொல்லலாம் தானே? அதை இன்ரநெற்றிலை திறந்து பார்க்கிறதைத்தான்…”

“பிள்ளை,” என்றார் அன்புராஜா. “அப்பிடியெண்டால் முதல் பதிவும் கடைசிப் பதிவும் ஒண்டாய்ப் போயிடும். ஒரே வசனத்திலை ஒரே சொல்லை அரசாங்கம் சும்மா மூண்டு தரம் எழுதுமே?”

அரசாங்கம் அப்படி எழுதாது என்று அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். செபநாயகமும் ஒப்புக்கொண்டார், திரையில் கேள்வி வரும்வரை பொறுத்திருந்து.

அவர் நேரே ஜெயசுதனுடைய கடைக்குப் போனார். அடக்கத்தன்று ஜெயசுதன் யாரும் கேட்காமலே ஒரு நன்மை செய்திருந்தான். கொம்பியூட்டரில் நடந்ததை அப்படியே பதிந்து வைத்திருந்தான். “பிறகு எப்பவாவது பார்க்கவேணும் போலை இருக்குமெண்டு பதிஞ்சனான் அண்ணை,” என்று சொல்லிப் பென் ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தான். “ஆனால் அது அடக்கம் தானே. அவையள் கேட்கிறது சாவையெல்லோ. ஆர் அண்ணை சாவைப் பதிஞ்சு வைக்கிறது?”

“எனக்கென்ன தெரியும் தம்பி,” என்றார் செபநாயகம். “அவையள் படிச்ச ஆக்கள்.”

பார்வைக் குழு கூடியது. குழுவில் அன்புராஜாவும் வேறு இரண்டு பேரும். எல்லோரும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு அறைகளில் இருந்து ஒரே திரையில் தோன்றினார்கள். அடக்கம் ஓடத் தொடங்கியது. தேவாலயம், பூ, பெட்டி. பெட்டிக்கு முன்னால் கூட்டாளிமார் பாடிய இடத்தில், ஜெயசுதன் கடையின் பிரிண்டரில் கடதாசி முடிந்துவிட்டது என்று ஓர் அறிவித்தல் வந்து சவப்பெட்டியின் மேல் இருந்தது. அது எந்தப் பிரிண்டர், அதற்கும் இறந்தவருக்கும் என்ன உறவு என்று குழு நெடுநேரம் விசாரித்தது.

பிறகு பெட்டியைத் திறந்து முகம் காட்டிய இடம் வந்தது. செபநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அந்த இடத்தில்தான் இணைப்பு இழுபட்டு, படம் அப்படியே நின்றது. நின்ற படத்தில் றொகான் படுத்திருந்தான். அவன் நெற்றியில் கை வைத்தபடி சுவாமியார் நின்றார். சுற்றி நின்ற கூட்டாளிமாரில் ஒருவன் கண்ணீரைத் துடைக்கக் கை உயர்த்தி, உயர்த்தியபடியே நின்றான்.

“ஆள் அசையேல்லை,” என்றார் குழுவில் ஒருவர் திருப்தியோடு.

“சுவாமியாரும் அசையேல்லை,” என்றார் மற்றவர்.

குழு யோசித்தது. அசையாததை மரணத்துக்குச் சான்றாக ஏற்பதென்றால் அந்தத் திரையில் நின்ற எல்லோருடைய மரணத்தையும் பதியவேண்டி வரும். சுவாமியாரைப் பதிய அவருடைய மறைமாவட்டத்தின் சம்மதம் வேண்டும். படம் நின்றதாக ஏற்பதென்றால் படுத்திருப்பவர் நித்திரை கொள்ளுகிறாரா இல்லையா என்று சொல்ல முடியாது. இதற்கிடையில் ஒருவர், திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இரண்டு பேர் அசைவதைக் கண்டுபிடித்தார். ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

“இது ஆர்?”

“அது நானும் மனிசியும் சேர்,” என்றார் செபநாயகம்.

“நல்லது. நீங்கள் ரண்டு பேரும் உயிரோடை இருக்கிறது உறுதியாயிட்டுது,” என்று எழுதிக்கொண்டார் அவர். பிறகு அன்புராஜா தீர்ப்பைச் சொன்னார். “நாங்கள் கல்நெஞ்சுக்காரர் இல்லை ஐயா. ஒண்டு செய்யுங்கோ. ஆள் உயிரோடை இருக்கேக்கை எடுத்த திரைப்பதிவு ஒண்டு கொண்டுவாங்கோ. அதையும் இதையும் பக்கத்திலை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்படியில் நின்றாள். அடுப்பைத் தணித்துவிட்டு, “அது இருக்குதெல்லோ,” என்றாள்.

இருந்தது. இருவருக்கும் தெரியும். சாவுக்குப் பிறகு இருவரும் அதைத் திறக்கவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செபநாயகத்தின் போனில் எதைத் தொட்டாலும் ஏதோ விளம்பரம் குதித்துக்கொண்டிருந்தது. றொகான் வீடியோவில் வந்தபோது முறையிட்டார். “இஞ்சையிருந்து எனக்கு ஒண்டும் தெரியாது அப்பா. போனிலை என்ன நடக்குதெண்டு பதிஞ்சு எனக்கு அனுப்புங்கோ,” என்று சொல்லி, திரையைப் பதிவது எப்படி என்று மகன் படிப்பித்தான். அப்பா சிவப்புப் புள்ளியை அமத்தினார். அமத்தியது வேலை செய்தது. ஆனால் அது வேலை செய்வது அப்போது அவருக்குத் தெரியவில்லை, பிறகுதான் போனில் கண்டார். அந்தக் கதை முழுவதும் சத்தத்தோடு பதிந்துகொண்டு போனது. படங்கள் வீட்டில் நிறைய இருந்தன. றொகானின் குரல் இருந்த இடம் அது ஒன்றுதான். போன் கோலில் கதைத்ததெல்லாம் கதைத்த கையோடு காற்றில் போய்விட்டது.

அதைப் போனோடு கொண்டுபோனார். அதை அலுவலகத்துக் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டு, அவரை அதற்கு முன்னால் இருத்தி, வலக்கையை வேதப்புத்தகத்தில் வைக்கச் சொல்லி, இந்தச் சான்றுக்கு வேறு பிரதி இல்லை என்று சத்தியம் வாங்கினார்கள். வேறு பிரதி உண்மையில் இருக்கவில்லை. சத்தியம் முடிந்ததும் அன்புராஜா சொன்னார்:

“இப்ப போனிலை இருக்கிறதை அழிக்கவேணும் ஐயா. ஒரு சான்று, ஒரு பிரதி. ரண்டு பிரதி இருந்தால் எது உண்மை எண்டு நாளைக்குக் கேள்வி வரும்.”

செபநாயகம் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். “அழிச்சால் எனக்கு அவன்ரை குரல் இல்லை சேர்.”

“ஏனில்லை? இஞ்சை இருக்கு. உங்கடை போன் தண்ணியிலை விழும், உடையும், ஆரும் களவெடுப்பினம். அரசாங்கத்திட்டை இருக்கிறது ஒரு நாளும் துலையாது.”

வீட்டில் லூர்த்தம்மாவுக்கு ஒரு சிலுவை வேண்டியிருந்தது. கார்த்திகையும் கிட்டிக்கொண்டிருந்தது. செபநாயகம் அழித்தார். அழிப்பதை மேலிருந்து ஒரு கமெரா பதிவு செய்தது. முதல் தடவை விரல் சரியாகப் படவில்லை என்பதால், தர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டு, “ஐயா, இன்னொருக்கா அமத்துங்கோ,” என்றாள்.

அடுத்த கிழமை முடிவு வந்தது.

“சந்தோசமான செய்தி ஐயா,” என்றார் அன்புராஜா. “ரண்டு பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தம். முதலாவதிலை தெளிவில்லை. ரண்டாவதிலை நல்ல தெளிவு. ஆள் சிரிக்கிறார், கதைக்கிறார், என்ன கறி எண்டு கேட்கிறார். மரணிச்சவர் கறி கேட்கிறேல்லை. தெளிவான சான்றின்படி உங்கடை மகன் உயிரோடை இருக்கிறார்.”

செபநாயகம் சுவரையும் கேட்கவில்லை, திரையையும் கேட்கவில்லை. அப்படி ஒரு வசனத்தை யாராவது சொல்லமாட்டார்களா என்று மிச்சத் தவக்காலம் முழுவதும் கோயிலில் முழந்தாளில் நின்று மன்றாடியவர் அவர். அது இந்த வாயிலிருந்து வந்தது.

“ஒத்துக்கொள்ளாட்டில் முறையிடலாம்,” என்றாள் தர்ஷிகா. “புதன்கிழமை பொதுமக்கள் நாள். முறையிடுறவை வந்து தங்கடை சான்றைப் பார்க்கலாம்.”

முதற் புதன்கிழமை இருவரும் போனார்கள். லூர்த்தம்மா பூசைக்கு உடுக்கிற சேலையை உடுத்திருந்தாள். போன்களைக் கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். தர்ஷிகா பதிவை ஓடவிட்டாள்.

“அப்பா, சிவப்புப் புள்ளி தெரியுதோ? அதை அமத்துங்கோ.”

“அமத்திப்போட்டன். இப்ப என்ன?”

“இப்ப பதியுது.”

“எங்கை பதியுது? ஒண்டையும் காணேல்லை.”

“ஐயோ அப்பா, காணாது தான். அது தன்ரை பாட்டிலை பதியும். நீங்கள் பாண் விக்கிற ஆளெல்லோ, பாண் போறணைக்குள்ளை வேகேக்கை பார்த்துக்கொண்டே நிக்கிறியள்?” றொகான் சிரித்தான். மேலுதட்டில் வியர்வை. பின்னால் யாரோ சட்டி பானை கழுவும் சத்தம். “அம்மா எங்கை?”

அடுப்படியிலிருந்து லூர்த்தம்மாவின் குரல் வந்தது. “கையெல்லாம் மீன். பிறகு கதைக்கிறன் எண்டு சொல்லுங்கோ.”

“என்ன மீனம்மா? என்ன கறி?” என்று றொகான் கத்தினான்.

அலுவலகக் கதிரையில் இருந்த லூர்த்தம்மா, “கணவாய் ராசா,” என்றாள். “உனக்குப் பிடிச்ச மாதிரிப் பிரட்டல்.” அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில் அது.

அந்த இடத்தில் நேரம் முடிந்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு வேறு முறையீடு என்றார்கள். வேறு முறையீடு செய்ய அங்கே யாரும் இருக்கவில்லை, ஆனாலும் விதி விதிதான். அடுத்த புதன்கிழமை மறுபடி தொடக்கத்திலிருந்து போட்டார்கள். அந்தப் பிரிவில் எதுவும் தொடக்கத்திலிருந்தே தொடங்கும். கறி கேட்கிற இடத்தைத் தாண்டியதே இல்லை.

இப்படியே புதன்கிழமைகள் போயின. செபநாயகம் புதன்கிழமையில் பாட்டைப் போடாமல், பாஷையூர்ப் பக்கம் போகாமல், வேளைக்கே ஓட்டோவை நிறுத்திவிடுவார். ஒவ்வொரு முறையும் “ஆட்சேபனை என்ன?” என்று அன்புராஜா கேட்பார். “மகன் மோசம் போயிட்டான் சேர்,” என்று இவர் சொல்லுவார். “சான்று அப்பிடிச் சொல்லேல்லையே,” என்று அவர் சொல்லுவார். தொடக்கத்தில் அந்தப் பதிலைக் கேட்டு இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகப் போக அந்தப் பதில் வராமல் போய்விடுமோ என்றுதான் நெஞ்சிடித்தது. வீட்டில் லூர்த்தம்மா சிலுவைக் கதையை எடுப்பதை விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமையே சேலையை மினுக்கி மடித்து வைத்தாள். ஒரு புதன்கிழமை தர்ஷிகா கடிகாரத்தைப் பார்க்காததுபோல இருந்து, றொகான் சிரிக்கிற இடத்தைத் திருப்பி ஒருமுறை போட்டாள். அது பதிவில் ஏறி, அவளிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

ஐப்பசி முடிகிற கையோடு கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் பிரிவைப் பார்வையிட வந்தார். இந்த முறை திரையில் இல்லை, காரில் வந்தார். அன்புராஜா வரவேற்புரை நிகழ்த்தினார்.

“இந்தப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட நாளில் இருந்து இன்றுவரை ஒரு மரணத்தைக்கூட நாங்கள் பிழையாகப் பதிந்ததில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். மரணத்தை இவ்வளவு கவனமாகக் கையாளுகின்ற அலுவலகம் வேறெங்கும் இருக்க முடியாது. மக்கள் எங்களைத் தேடி வருகிறார்கள். வந்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். எங்கள் சேவையில் அவர்களுக்கு அவ்வளவு பற்று.”

“நல்லது,” என்றார் பெரியவர். “சரியாக எத்தனை பதிந்திருக்கிறீர்கள்?”

மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றுகிற பதிவின் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

வருட முடிவுக்குள் விசாரித்து முடித்த அலுவலகக் கோவை ஒன்றாவது காட்டவேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிரிவில் ஓரளவு முற்றியிருந்த கோவை ஒன்றுதான்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் நாள், புதன்கிழமையும் இல்லாத ஒரு நாளில், செபநாயகத்தையும் லூர்த்தம்மாவையும் கூப்பிட்டனுப்பினார்கள். அன்புராஜா முகமெல்லாம் சிரிப்பாகத் திரையில் வந்தார்.

“உங்கடை ஆட்சேபனையை ஏற்றுக்கொண்டிட்டம் ஐயா. உங்கடை மகன் மரணிச்சவர் தான். நாளைக்கே அம்மா திரி கொழுத்தலாம். கோவையை மூடப்போறம். சான்றை அழிச்சுப்போட்டுச் சான்றிதழைத் தாறம்.”

“அழிக்கிறதோ?” என்றார் செபநாயகம். “துலையாது எண்டு சொன்னியளே சேர்.”

“துலைக்கேல்லை ஐயா. முறைப்படி அழிக்கிறம். கோவை மூடினால் தனிநபர் அந்தரங்கத்தை நாங்கள் வைச்சிருக்கக் கூடாது. அழிக்கிறதைப் பதிஞ்சு, அந்தப் பதிவைப் பத்து வருசம் வைச்சிருப்பம்.”

“என்ரை போனிலை திருப்பிப் போட்டுத் தாங்கோ.”

“ரண்டாவது பிரதி இல்லையெண்டு சத்தியம் பண்ணியிருக்கிறியள். வேதப்புத்தகத்திலை.”

செபநாயகம் எழும்பினார். கொம்பியூட்டரை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அந்த மனிதரின் மேசையைப் பிடித்துக்கொண்டு நேரே நின்றார். மாதக்கணக்காகக் கதைத்தவரை அன்றைக்குத்தான் கிட்டத்தில் கண்டார்.

“சேர், அவன் உயிரோடையே இருக்கட்டும்.”

“அப்ப இவ்வளவு நாளும் மரணிச்சவர் எண்டு சொன்னது பொய்யோ?”

“பொய்யில்லை சேர். செத்தவன் தான். நீங்கள் உயிரோடை எண்டே வைச்சிருங்கோ. நாங்கள் புதன்கிழமையிலை வந்து பார்த்துக்கொண்டு போறம். ஒரு கரைச்சலும் தரமாட்டம்.”

அன்புராஜா கெட்ட மனிதர் அல்லர். அவருக்கும் பிள்ளைகள் இருந்தன. அவர் கொஞ்ச நேரம் செபநாயகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். “திரையிலை ரண்டு கட்டம் தான் இருக்கு ஐயா. ஒண்டில் உயிர், ஒண்டில் மரணம். நான் மரணத்தை அமத்திப்போட்டன். திருப்பி எடுக்கேலாது. போய் இருங்கோ. நீங்கள் நேரை கதைச்சது ஒண்டும் பதிவிலை இல்லை.”

அழிப்பதற்கு முன்னர் சான்றை ஒருமுறை கடைசிவரை ஓடவிட வேண்டும் என்பது விதி. ஆகவே அன்றைக்குத்தான் முதன்முறையாக அது நிற்காமல் ஓடியது. சிவப்புப் புள்ளி, பாண் போறணை, அம்மா எங்கை, என்ன கறி எல்லாம் போய், அவர்கள் பார்த்திராத இடம் வந்தது. றொகான் வேலைத்தலத்துக் கதை ஏதோ சொன்னான். கோடைக்கு வரப் பார்க்கிறேன் என்றான். பிறகு யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்துவிட்டு, “சரியப்பா, வைக்கட்டே?” என்றான்.

“ஓமோம், வை, வை. எனக்கும் பாண் ஆறப்போகுது,” என்றது செபநாயகத்தின் குரல்.

முகம் போனது. ஆனால் பதிவு முடியவில்லை. நிறுத்துவது எப்படி என்று அன்றைக்குச் செபநாயகத்துக்குத் தெரிந்திருக்கவில்லை அல்லவா. வெறும் போன் திரை, மணிக்கூடு, மாதா படம். அதற்குப் பின்னால் வீட்டுச் சத்தம். வீட்டின் பின்கோடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு யாரோ விறுக்கென்று வருகிற சத்தம்.

“வைச்சிட்டானே? நான் கதைக்கவெல்லோ வந்தனான்.”

“நாளைக்கு எடுப்பான். எங்கை போகப்போறான்.”

கதிரையில் லூர்த்தம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அழுகை வெளியில் வந்தது. தர்ஷிகா எழும்பி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “முடிஞ்சுதோ?” என்று அன்புராஜா கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் முடிந்ததாக எடுத்துக்கொண்டு அழித்தார்கள்.

சான்றிதழோடு படியிறங்கி, ஓட்டோவின் பின்பக்கத்தில் பாண் தட்டுகளுக்குப் பக்கத்தில் லூர்த்தம்மாவை இருத்திக்கொண்டு, செபநாயகம் சேமக்காலைக்குப் போகும் தெருவுக்கு வந்தார். அங்கே சிலுவைகளுக்கு எழுத்து எழுதுகிற றஜிந்தன் நாளைய திருநாளுக்காக நிற்க நேரமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் ஒரு சிலுவையை எடுத்து மடியில் வைத்து, தூரிகையைக் கறுப்பில் தோய்த்தான்.

“பேர் சொல்லுங்கோ அண்ணை.”

“செபநாயகம் றொகான்.”

பிறந்த திகதியைக் கேட்டான். சொன்னார். எழுதினான்.

“மோசம் போனது எப்ப?”

செபநாயகம் தவக்காலத்துத் திகதியைச் சொல்ல வாயெடுத்தார்.

“இண்டைக்கு,” என்றாள் லூர்த்தம்மா. “இண்டைக்கு எண்டு எழுது தம்பி.”